மதகு யாருடைய இலாகா

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. ஒரு மாத இதழின் ஆசிரியர், "நம் கூட்டாட்சி எப்படி நடக்கிறது என்று எழுதிக்கொடுங்கள். பள்ளிக்கூட வாடை வரக்கூடாது" என்றார். உட்கார்ந்தேன். 'இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாகும்.' முதல் வரியிலேயே வாடை குப்பென்று வந்தது. அடித்தேன்.

அடுத்தது: '1967. கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில், கொட்டுகிற மழையில், ஒரு பெண் தன்னந்தனியாக...'

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். சிதம்பரத்துக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டி ஓர் ஊர். அங்கே கொளஞ்சியம்மாளுக்கு இரண்டு காணி நிலம். வடிகால் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மதகும் குறுகல். ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் நின்று, நட்ட பயிரெல்லாம் அழுகுகிறது. இன்னொரு தடவை அழுகினால் நிலத்தை விற்றுவிட்டுக் குமராட்சிப் பக்கம் கூலி நடவுக்குப் போகவேண்டியதுதான்.

2

வாய்க்கால் மாநில அரசைச் சேர்ந்தது, அதாவது சென்னை. தண்டவாளமும் அதனடி மதகும் ரயில்வே, அதாவது டெல்லி. அரசியல் சட்டம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போல வேலைகளைப் பிரித்திருக்கிறது: ரயில், தபால், ராணுவம் அங்கே, தண்ணீர், போலீஸ் இங்கே, சில மட்டும் பொதுவில். தண்ணீர் ரயிலுக்கு அடியிலும் ஓடும் என்பதை இரண்டு வீடும் ஒரே சமயத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.*

இரண்டு வீட்டிலும் நடைமுறை ஒன்றுதான். சபையில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள் மந்திரிசபை அமைக்கிறார்கள். அது போனால் இவர்களும் போகவேண்டும். குடியரசுத் தலைவரும் ஆளுநரும் கையெழுத்துப் போடுகிறார்கள், யோசனை மந்திரிகளுடையது. ஆகவே கொளஞ்சியம்மாள் பிடித்து உலுக்க இரண்டு பேர் உண்டு. ஒரு எம்.எல்.ஏ., ஒரு எம்.பி. அந்த 1967 மாசி மாதத் தேர்தலில் இரண்டுக்கும் ஒரே நாளில் ஓட்டு.

* இந்த வாக்கியத்தை ஆசிரியர் வெட்டுவார் என்று நினைக்கிறேன்.

3

அந்த ஊரில் எல்லாமே முறைதான். பாசன வாய்க்கால் தண்ணீர் ஒரு நாள் வடக்குத் தெருவுக்கு, மறுநாள் தெற்குத் தெருவுக்கு. தேர்தலுக்கு முன்னால் ஊர் கூடியது. வடக்குத் தெருவின் நெல் வியாபாரி அப்துல் ஹக் எழுந்தார்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு தராங்களாம். எதுக்கு எல்லாரும் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கணும்? முறை வெச்சிக்குவோம். வடக்குத் தெரு மெட்ராஸப் பாத்துக்கட்டும், தெற்குத் தெரு டில்லியப் பாத்துக்கட்டும்."

"அதுவும் நாயந்தான் பாய்," என்றது தெற்குத் தெரு.

அப்படியே நடந்தது. ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் முத்திரை குத்தி, மற்றதை வெறுமனே மடித்துப் பெட்டியில் போட்டார்கள். ஓட்டு எண்ணப்படும் முன்பே சேதி சிதம்பரம் கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

விளைவு தெரிந்ததுதான். தெற்குத் தெருக் கொளஞ்சியம்மாள் வடிகால் வாய்க்காலுக்காக எம்.எல்.ஏ.விடம் போனபோது அவர் சிரித்தார். "தெற்குத் தெருவா? நீங்கதான் என்னக் கண்டுக்கவே இல்லியேம்மா?"

4

இங்கே அப்துல் ஹக்கைக் கதையிலிருந்து அனுப்பிவிட நினைத்தேன். அவர் நிலம் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் நிற்காது. இனி அவருக்கு என்ன வேலை? ஆனால் மனிதர் போக மறுத்தார்.

"முறைன்னு சொன்னது நானு. மாட்டிக்கிட்டது இந்தத் தங்கச்சி. நான் எப்பிடிங்க போறது?" என்று என்னைக் கேட்டுவிட்டு, கொளஞ்சியம்மாளிடம் திரும்பினார். "தங்கச்சி, மெட்ராஸ்காரரு எங்க தெரு ஓட்டு வாங்குன ஆளு. ஒன் வாய்க்காலுக்கு நான் போறேன். டில்லிக்காரரு கடலூரு வராராம், மதகுக்கு நீ போ."

போனார்கள். எம்.எல்.ஏ. காபி கொடுத்து உபசரித்தார். "ரயில்வே மதக அகலப்படுத்தட்டும் பாய், மறுநாளே வாய்க்கால் வெட்டிடலாம்."

எம்.பி. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அவுங்க வாய்க்கால வெட்டட்டும்மா, மதகுக்கு நானாச்சு."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

5

மூன்று முடிவுகள் கைவசம் வைத்திருந்தேன்.

அ) சட்டமன்றத்தில் கேள்வி நேரம். மந்திரி பதில் சொல்ல எழுகிறார், தொண்டையைச் செருமுகிறார், அதற்குள்...

ஆ) மதகுப் பிரச்சினையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி மத்திய மந்திரிசபையே கவிழ்கிறது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் புது மந்திரிசபை வந்ததும் மனுவை முதலிலிருந்து கொடுக்கவேண்டும்.)

இ) தந்தி வருகிறது. அதில்...

"ஐயா," என்றார் கொளஞ்சியம்மாள். "எத்தினி முடிவு வெச்சிருக்கீங்க?"

"மூன்று."

"மதகு எத்தினி வெச்சிருக்கீங்க?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பேனாவை எடுத்து, என் அதிகாரத்தில் இருந்ததைச் செய்தேன்: வாய்க்கால் அகலமாக, ஆழமாக, ஊர் எல்லையிலிருந்து தண்டவாளம் வரை வெட்டி முடிக்கப்பட்டது. பாதியில் விடாமல் முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. தண்ணீர் முன்னைவிட வேகமாக வந்து, குறுகல் மதகில் முட்டி, வயலுக்குத் திரும்புகிறது. இந்தத் தடவை பயிர் நாலைந்து நாள் தாங்கும். அப்துல் ஹக் மண்வெட்டியோடு கரையில் இருக்கிறார்; தண்டவாளத்தில் அவர் கைவைத்தால் போலீஸ் வரும். கொளஞ்சியம்மாள் இப்போது என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி, உங்களைப் பார்க்கிறார்.

கதையில் எழுதுகிறவன் பங்கு முடிந்தது. மதகு படிக்கிறவர் இலாகா. நீங்கள் எதற்கும் காத்திருக்க வேண்டாம், வாய்க்கால் வெட்டியாயிற்று.