பின்சீட்டு மேனேஜர்

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு என்பதால் 'பிரேக் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலில் இருந்த பிரேக் வாயில் இல்லை. யாராவது கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டால் அவர் போடும் சத்தத்தில், பின்னால் வரும் வண்டிக்காரர்களும் தங்கள் கிளட்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவரிடம் கற்றவர்கள் நன்றாகத்தான் ஓட்டினார்கள். ஆனால் லைசென்ஸ் வாங்கியபின் அவரை எங்கே கண்டாலும் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினார்கள் என்பதில் மட்டும் அவருக்குப் பெருமை.

வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அவர் மனைவி. காலையில் எழுந்ததும் அது ஒவ்வொரு அறையாகப் போய் எட்டிப் பார்க்கும். எதையும் செய்யாது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். தான் முன்பு வேலை பார்த்த இடத்து மேனேஜரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்றாள். அதிலிருந்து வீட்டில் அதை 'அவர், இவர்' என்று மரியாதையாகத்தான் பேசுவார்கள். செருப்பைக் கடித்துவிட்டால் அவள் ஒரு அதட்டல் போடுவாள். மேனேஜர் வந்து முன்னங்காலை அவள்மேல் வைக்கும். மன்னிப்புக் கேட்கிறதாம். அவளும் இளகிப்போய் ஒரு பிஸ்கட் தருவாள். ஆக, யாராவது கத்தினால் காலை வைக்க வேண்டும், வைத்தால் பிஸ்கட் வரும் என்று மேனேஜர் தெரிந்துவைத்திருந்தது.

மனைவிக்கு மருந்துக் கடையில் பகல் வேலை கிடைத்தது. தனியாக விட்ட முதல் நாளே மேனேஜர் ஊளையிட்டு எதிர்வீட்டுக் கைக்குழந்தையை எழுப்ப, அந்தக் குழந்தை மிச்சத் தெருவை எழுப்பிவிட்டது. மறுநாள் முதல் நாயைக் காரில் கூட்டிப்போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. எத்தனையோ பேரின் கடைவாய்ப் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்கியவர், ஸ்டீரிங்கைத் தொட்டால் மட்டும் வெலவெலத்துப்போவார். அன்று வகுப்புக்கு முன்னால் பிரேக் சார் ஃபோனில் மனைவியிடம், மேனேஜர் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார், பார்த்துக்கொண்டிருக்கிறார், கவலைப்படாதே என்று சொன்னது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. பயிற்சிப் பள்ளியின் மேனேஜரே தன்னைச் சோதிக்க வந்திருக்கிறார் என்று டாக்டர் பதறினார். முடியைச் சரிசெய்துகொண்டார். ஏறி உட்கார்ந்தபோது கழுத்து விறைத்துப்போய்த் திரும்ப முடியவில்லை. முன்னால் பார்த்தபடியே, "வணக்கம் சார்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது.

பாவம், சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்து டாக்டர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். தன்னைத்தான் சார் என்கிறார் என்று பிரேக் சாரும் ஒரு வணக்கம் வைத்தார்.

முதல் திருப்பத்திலேயே வண்டி குலுங்கி நின்றுபோனது. பிரேக் சார் வழக்கம்போல ஆரம்பித்தார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் விழுந்தது. அழுகை போன இடம் தெரியவில்லை.

"சார், மரியாதையா கையை எடுங்க" என்று திரும்பினார்.

நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு மேனேஜர் அவரைப் பார்த்தது.

டாக்டர் சிரித்த சிரிப்பில் கார் மறுபடி குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையில் தனக்கென்று வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேனேஜருக்கு ஆச்சரியமே இல்லை. உலகம் ஒழுங்காக நடக்கிறது என்பதுபோல வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

அடுத்த வகுப்புக்கே டாக்டர் நாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி வந்து கியருக்குப் பக்கத்தில் வைத்தார். பிரேக் சார் கத்துவார், தோளில் கால் விழும், டாக்டரின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். சத்தத்தைக் கேட்டு அவர் நடுங்குவது நின்றே போனது. சார் ரொம்ப நேரம் கத்தாமல் இருந்தால் மேனேஜர் அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் ஆரம்பித்தது.

நாய் தன் மானத்தை வாங்குகிறது என்று பிரேக் சார் மனைவியிடம் புலம்பினார். எல்லாம் பிஸ்கட்டுக்காகப் போடும் வேஷம் என்றார்.

"எதுக்காக வெச்சா என்னங்க? அந்தம்மா அழுதப்போ தோள்ல ஒரு கை இருந்துச்சுல்ல?"

"நான் வெச்சா போலீஸ் வரும்."

"நீங்க கையை வெக்க வேணாம். வாயைக் கொஞ்சம் சும்மா வெச்சிருந்தா போதும்."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், வகுப்பு எதுவும் இல்லாமல் நாயோடு வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னலில் பச்சை விழுந்ததும் அவருடைய கையாலேயே வண்டி குலுங்கி நின்றுபோனது. பின்னால் இருந்த லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கின ஆளா என்று தொடங்கி அவர் பரம்பரைவரை போய்வந்தார். பிரேக் சாருக்குக் காது சிவந்துவிட்டது. கிளட்ச் எது, பிரேக் எது என்றே ஒரு நொடி மறந்துபோயிற்று. அப்போது அவர் தோளில் அந்தக் கால் வந்து உட்கார்ந்தது.

"பிஸ்கட் இல்லடா. டாக்டர்கிட்டதான் இருக்கு" என்றார் மெதுவாக.

மேனேஜர் காலை எடுக்கவில்லை. சிக்னல் தாண்டி, கடைத்தெரு தாண்டி, அது அப்படியே இருந்தது. ஈரச் சாக்கு வாடை அடித்தது. நினைத்ததைவிடக் கனமாகவும் இருந்தது. அது வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று தோளை அசைக்காமல், கியரைக்கூடப் பூப்போல மாற்றி, ஆமை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் கண்ணில் என்னென்னவோ படத் தொடங்கியது. வண்டி நின்றுபோகும்போதெல்லாம் டாக்டர் பின்னால் வருபவர்களுக்குக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மனைவி குனிந்து பின்சீட்டில் இருந்த நாய் முடியைப் பொறுக்குவதைப் பார்த்தார். இதெல்லாம் எப்போதிலிருந்து நடக்கிறது என்று கேட்டதற்கு, அவள் அவருடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். வகுப்பில் அவர் சத்தத்தைக் குறைத்தார். "கிளட்ச்சு... மெதுவா... கிளட்ச்சு..." என்று தாலாட்டுப்போல இழுத்தார். டாக்டருக்குக் கொட்டாவி வந்தது. மேனேஜர் காலைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவைத்திருந்தது.

லைசென்ஸ் தேர்வு நாள் வந்தது. நாய்க்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். பிரேக் சாரும் மேனேஜரும் மதிலோரம் நின்றார்கள். தேர்வு அதிகாரி பெரிய உருவம், நல்ல வழுக்கை, குரலோ பிரேக் சாரையே மிஞ்சியது. கார் தெருமுனை தாண்டியும் குரல் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. மேனேஜர் காதைத் தூக்கியது. பிரேக் சார் தெருமுனையை எட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்த டாக்டர் பாஸ். ஆனால் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நடந்ததை மெல்லச் சொன்னார். சாலையைக் கடந்த ஒரு பெரியவர் நடுவில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டியிருக்கிறார். டாக்டர் நின்றார். பெரியவர் அடுத்த கால் கயிற்றையும் கட்டினார். டாக்டர் அதுவரைக்கும் நின்றார். அதிகாரி கத்தினார். கத்தியதும் டாக்டரின் கை, வழக்கப்படி, பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்த மனிதர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றும் கேட்டு வாங்கினார். இனிப்பே இல்லை, எனக்கு ஏற்றது, எந்தக் கடை என்று விசாரித்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் பிரேக் சார்.

"எங்க மேனேஜருக்கு வாங்கினதுன்னேன். உடம்பைப் பாத்துக்கிற மனுஷன் போலன்னாரு."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிரேக் சார் பாக்கெட்டைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்தார். எலும்புக்கு உறுதி, முடிக்குப் பளபளப்பு என்று போட்டிருந்தது. அந்தத் தலைக்கு நல்லதுதான் நடக்கும், விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

வீடுவரை நானே ஓட்டுகிறேன் என்றார் டாக்டர். பிரேக் சார் முதல்முறையாகத் தன் காரின் பின்சீட்டில் ஏறினார். அங்கே மிதிக்க எதுவும் இல்லை. நாயின்மேல் சாய்ந்து வெளியே வேடிக்கை பார்த்தவர், பாலம் வருவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிப்போனார். தன்னிடம் கற்றவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடியது அன்றுதான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்திருந்த மனைவி வீட்டு வாசலில் நின்றிருந்தாள். டாக்டர் காரை நிறுத்தி, ஹாண்ட்பிரேக் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, சாருக்கு மேல் வரிசையில ஒரு பல் ரொம்ப மோசமா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க. வலிக்காம பாத்துக்கறேன்."

பிரேக் சார் திடுக்கிட்டு எழுந்தார். "ரோட்டைப் பாக்காம என் வாயையா பாத்துட்டு வந்தீங்க?"

"சிக்னல்ல நின்னப்பதான் சார் கண்ணாடியில பாத்தேன்" என்றார் டாக்டர்.

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதால், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் பிரேக் சார் கேட்டார்.