ஏட்டில் இல்லாத ஆறு நிமிடங்கள்

விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ப்ரீதா தன் தகப்பனின் கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே நீராவி சுட்ட தழும்பு பளபளத்தது. குருபரப்பள்ளிக்கு அப்பால், நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலையில், இருபத்திரண்டு ஆண்டுகள் பேபிகார்ன் டப்பாக்களை அவித்த கை அது. முந்தின நாள் ஷிப்ட் முடிந்து பேருந்துக்கு நின்ற இடத்திலேயே அருள்ஜோசப் சரிந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது உடல் மட்டும்.

மேலாளர் மாதேஸ்வரன் மலர்வளையத்தோடு வந்திருந்தார். யாரும் கேட்காமலே சாமியானாவின் கீழ் எழுந்து நின்று பேசினார். டப்பா வேகும் நேரத்தை அருள்ஜோசப் எழுதிவந்த பதிவேட்டில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை என்றார். அந்த ஏட்டை வைத்துத்தான் அவருடைய மகளே கணினியில் ஆராய்ந்து, டப்பாக்கள் முப்பது நிமிடம் வேக வேண்டியதில்லை, இருபத்து நான்கு போதும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். திங்கட்கிழமை முதல் புது நேரம் நடைமுறைக்கு வருகிறது என்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

ப்ரீதா பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் போஸ்ட்டாக் ஆய்வாளர். முனைவர் பட்டம் பெற்றவளுக்கும் ஆறு மாதம், தொழிற்சாலைத் தரையைக் கூட்டுகிறவளுக்கும் ஆறு மாதம்; இவ்வளவு சமத்துவத்தை இந்த நாடு வேறெதிலும் காட்டியதில்லை. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. இந்த ஆய்வு ஏற்கப்பட்டால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் வீடு. டப்பாவுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது, கிருமி எந்த நொடியில் சாகிறது என்று திரையில் நிறங்களாகக் காட்டும் கணக்கு அவளுடையது. அந்தக் கணக்குக்கு அடித்தளம் தகப்பனின் கையெழுத்து: முப்பது, முப்பது, முப்பது. நேரத்தைத் தானாகப் பதியும் கருவி பழுதாகி ஆண்டுகள் பல ஆயின. இருந்தது ஏடு மட்டுமே. இத்தனை ஆண்டுகளில் ஒரு டப்பாகூடக் கெடவில்லை. ஆகவே முப்பது அதிகம். ஆகவே இருபத்து நான்கு.

டப்பாக்களை அவிக்கும் நீராவிக் கொப்பரையில் அப்பாவோடு வேலை பார்த்த சென்னப்பன், காப்பி டம்ளரோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கப்பாகூட வேல செய்யறது ரோதன பாப்பா. டைம் முடிஞ்சி மணி அடிச்சாலும் மூடியத் தொறக்க வுடமாட்டாரு. 'பாய்லருல ஆவி நடுவுல நடுவுல எளைக்குது, இன்னொரு ஆறு நிமிசம் கெடக்கட்டும்'பாரு. எத்தினி நாளு எனக்கு பஸ்ஸு போயிருக்குது தெரியுமா?"

"ஏட்டுல முப்பதுன்னுதானே அண்ணே இருக்கு?"

"முப்பத்தாறுன்னு எழுதுனா ஆவிய வீணாக்கறேன்னு மெமோ குடுப்பாங்க. வேகறது முப்பத்தாறு, எழுதறது முப்பது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிணம் இருக்கும் வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

ப்ரீதா மனத்துக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டாள். தகப்பன் கூட்டிக் காத்த ஆறு நிமிடங்களை அறியாமல், அவள் மேலும் ஆறைக் குறைத்திருக்கிறாள். பன்னிரண்டு நிமிடம் குறைவாக வெந்த டப்பாவில் பிழைத்துக்கொள்ளும் கிருமி ஆளைக் கொல்லும். எந்த ஊரிலோ, எந்த வீட்டிலோ, ஒரு தாய் அதைத் திறந்து பிள்ளைக்குப் பரிமாறுவாள்.

உள்ளே சவப்பெட்டியின் தலைமாட்டில் அம்மா கிருபாராணி உட்கார்ந்திருந்தாள். ப்ரீதா குனிந்து அந்த ஆறு நிமிடத்தைப் பற்றிக் கேட்டாள். அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"எனக்குத் தெரியும். உன் கணக்க ஆபீஸ்ல காட்டுன அன்னிக்கே வந்து சொன்னாரு. 'பாப்பா தப்பாப் போட்டுடுச்சி. இப்ப சொன்னா அதுக்கு வேல போயிடும். நான் இருக்கற வரைக்கும் நின்னு பாத்துக்கறேன்'னாரு."

"இப்ப அவரு இல்லியேம்மா."

"அவரோடவே போவட்டும். ஊரே கூடியிருக்குது. இன்னிக்கி அவரு பேரக் கெடுக்காத கண்ணு."

ஊர் கூடியிருந்ததுதான் கொடுமை. உண்மையாக உழைத்தவனைப் பொய் எழுத வைத்த நிறுவனம், அந்தப் பொய்யையே மாலையாக்கி அவன் மார்பில் போட்டிருக்கிறது. அதை அவிழ்த்தெறிய வேண்டுமானால் அவன் மகளே அவனைப் பொய்யன் என்று சொல்லியாக வேண்டும்.

ப்ரீதா வெளியே வந்து மாதேஸ்வரனிடம் சொன்னாள். துக்கத்தில் பேசுகிறீர்கள், கையெழுத்துப் போட்ட ஏடு தப்பாக இருக்காது என்று அவர் ஆறுதல் கூறினார். அவள் மறுபடியும் சொன்னாள்: வேகும் நேரம் முப்பத்தாறு, ஒரு நிமிடமும் குறையக் கூடாது. அவர் முகம் இறுகியது.

"அப்ப உங்கப்பா இருவத்திரண்டு வருஷமாப் பொய் எழுதுனாருன்னு எழுதிக் குடுங்க மேடம். நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் எதக் காட்டறது?"

பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் தாளை வைத்து அவள் எழுதினாள். தன் ஆய்வு தவறு என்பது முதல் வரி. தகப்பனின் பதிவுகள் உண்மையல்ல என்பது இரண்டாவது. சாட்சிக்குச் சென்னப்பனைப் பார்த்தாள். தனக்கு இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருப்பதாகத் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் பெட்டி தூக்குகிறவர்களோடு போய் நின்றுகொண்டார். அவள் மட்டும் கையெழுத்திட்டாள்.

மாதேஸ்வரன் இரண்டு முறை படித்தார். ஒதுங்கிப் போய்த் தொலைபேசியில் பேசினார்: புது நேரம் ரத்து, முப்பத்தாறில் ஓட்டு, அருள்ஜோசப் பதிவேடுகளை எல்லாம் பூட்டி வை, விசாரணை இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஊரைக் காத்த ஆறு நிமிடங்களுக்கு அந்த ஒரு நொடியில் மோசடி என்று பெயர் வந்தது. போகும்போது அவருடைய ஓட்டுநர் மலர்வளையத்திலிருந்த நிறுவனப் பெயர்நாடாவை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டான். பார்த்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் குனிந்தார்கள். கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் செய்தி கடைசி வரிசைவரை போய்விட்டது.

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்து முடித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியது. கிருபாராணி மேட்டிலிருந்து மண்ணை அள்ளி, உறவினர் கைகளில் ஒவ்வொருவராக வைத்துக்கொண்டே வந்தாள். மகன் லியோவுக்கு வைத்தாள். ப்ரீதா கையை நீட்டினாள். அம்மாவின் கை அவளைத் தாண்டி, அடுத்து நின்ற சித்தப்பாவிடம் போனது.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. எல்லாரும் போட்டு முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு குனிந்து, தானே ஒரு பிடி அள்ளினாள். செம்மண் கட்டிகட்டியாக இருந்தது. அதிலிருந்த சரளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டாள். கட்டிகளை விரலால் நசுக்கித் தூளாக்கினாள். பெட்டியின் மேல் சத்தமில்லாமல் தூவினாள்.