ஒரே மூச்சில்

ஜன்னல் வெயிலில் அந்த வெள்ளைத் தூள் மிதந்துகொண்டிருக்கிறது, கோலமாவைவிட மெல்லிசு, விழவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் சுற்றுகிறது, நர்ஸ் மெர்லின் அதைப் பார்க்கிறாள், டாக்டர் எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார், நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, மருந்து கேக்கல, டோசைக் கூட்டணும் என்றார் டாக்டர், எப்படி எடுக்கிறீங்க, ஒருதரம் காட்டுங்கம்மா என்றாள் மெர்லின், காட்டினேன், இன்ஹேலருக்குள் கேப்சூலைப் போட்டு, திருகி, வாயில் வைத்து, பலங்கொண்ட மட்டும் ஊதினேன், பதினைந்து நாளாக வீட்டிலும் அப்படித்தான் ஊதினேன், ஏளா, சுவரு உதிருதா, தரையெல்லாம் வெள்ளையா கெடக்கு என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார்.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பை ஊதியவள் நான், ஈர விறகு, கரி பிடித்த கூரை, இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு, குழலை வாயில் வைத்தால் ஊதத்தானே வேண்டும், அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, புகை எங்கே போகிறது என்று யார் பார்த்தோம், எங்கும் போகவில்லை, என் நெஞ்சுக்குள்தான் குடியிருக்கிறது என்று எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொல்கிறார் டாக்டர், அந்த அடுப்படிக்குத்தான் அன்றொரு நாள் குணவதி வந்து நிற்கிறாள், ஒரே மகள், யம்மா, அவரத்தான் கட்டிக்கிடுவேன் என்கிறாள், வேறு சாதிப் பையன், நான் ஊதாங்குழலோடு எழுந்து, போ, இனி என் வாசல மிதிக்காத, எனக்கு மகளே இல்லன்னு நெனச்சுக்கிடுதேன் என்று ஒரே மூச்சில் சொல்கிறேன், அப்போது அவ்வளவு மூச்சு இருந்தது, திமிருக்கே செலவழிக்கிற அளவுக்கு இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, அவனைக் கட்டிக்கொண்டு போயிருந்த அவளே புனேயிலிருந்து போனில் பேச ஆரம்பித்தாள், ஞாயிறு தவறாமல், அதற்குள் என் கோபமும் போயிருந்தது, மூச்சும் போயிருந்தது, மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் வராது, அவள் சாப்பிட்டியாம்மா என்பாள், நான் ம் என்பேன், ஒடம்பு நல்லாருக்கா என்பாள், ம், இன்னும் கோவமாம்மா என்பாள், இல்லை என்று சொல்வதற்குள் இருமல் வந்து போனை வீட்டுக்காரரிடம் நீட்டிவிடுவேன், அவள் அழுதுகொண்டே வைத்துவிடுவாள், நான் சொல்லட்டுமா அவகிட்ட என்பார் அவர், கூடாது, நோயைக் கேட்டு அவள் ஓடிவரக் கூடாது, நான் கூப்பிட்டு வரவேண்டும், ஒரே மூச்சில் போ என்றவள் ஒரே மூச்சில் வா என்று சொல்ல வேண்டும், பிடிவாதக்காரி என்று அவர் மட்டுமா சொல்கிறார், ஊரே சொல்லும்.

மெர்லின் சிரிக்கவில்லை, யம்மா, இது ஊதுறதுக்கு இல்ல, உறிஞ்சுறதுக்கு என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து புதுக் கேப்சூல் போட்டாள், மொதல்ல அந்தப் பக்கம் திரும்பி மூச்ச வெளிய விடுங்க, இப்ப உதட்ட இறுக்கிக்கிட்டு சட்டுன்னு இழுங்க, இழுங்க, இழுத்தேன், உள்ளே கேப்சூல் கிர்ரென்று சுற்றியது, தும்பி சிறகடிப்பதுபோல, அடக்குங்க, பத்து எண்ணுங்க, எண்ணினேன், நாக்கில் லேசான தித்திப்பு, வாய் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து நகர்ந்துகொண்டதுபோல் இருந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒரு சிட்டிகைகூட இல்லையே, இந்தத் தூளா, முப்பத்தோரு வருஷப் புகைக்குள் வழி தெரிந்து போனது இதுவா என்று கையெடுத்துக் கும்பிட்டேன், கெட்டுப்போன நுரையீரல் திரும்பாதும்மா, சுருங்குன வழியத்தான் இது தொறக்கும், விடாம எடுக்கணும் என்றார் டாக்டர், திறந்தால் போதும், எனக்கு ஒரு வாக்கியம் போகிற அளவு வழி போதும்.

அதன்பிறகு எத்தனையோ நாள், காலையும் மாலையும் அந்தக் கிர்ர், இன்று ஞாயிறு, காலை மருந்தை இழுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், போன் அடிக்கிறது, சாப்பிட்டியாம்மா என்கிறாள், ஏட்டி குணா, கோவத்துல சொன்னத மனசுல வைக்காத, நீயும் மாப்பிள்ளையும் கெளம்பி வாங்க, ஒங்கப்பா மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்காரு, நான் உளுந்தங்களி கிண்டித் தாரேன் என்றேன், ஒரே மூச்சில், நடுவில் எங்கும் நிற்காமல், அவர் வாசலிலிருந்து எழுந்து வந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், இன்ஹேலரைத் திறந்து காலையில் இழுத்த கேப்சூலை எடுத்து வெயிலில் பிடித்தேன், கண்ணாடியாகக் கிடந்தது, ஒரு துகள் மிச்சமில்லை, வெயிலிலும் ஒன்றும் மிதக்கவில்லை, வருவியாட்டி என்றேன், ம் என்றாள், அவ்வளவுதான் அவளுக்கு வந்தது.