வின்னியின் குவளை

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பஸ் திரும்பிப்போகும் கடைசி ஊரில் உள்ள 'நொண்டி வாத்து' என்ற பப்புக்குப் பழமையின் வசீகரம் இருப்பதை, அதன் சொந்தக்காரர்களான பியர்க் கம்பெனியின் உயர்மட்டக் குழு கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த கையோடு, அந்த வசீகரத்தைக் காப்பாற்ற மூன்று வாரம் கடையை மூடி, உள்ளே இருந்த பழசையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டு, புதிதாகப் பழசு வாங்கிப் போட்டது.

அந்த மூன்று வாரமும் ஹெட்லிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நொண்டி வாத்தில் வாடிக்கைக்காரர்களின் ஈயக் குவளைகள் கவுன்ட்டருக்கு மேலே கொக்கிகளில் தொங்கும். ஒருவர் செத்துப்போனால் அவர் குவளையை ஒரு வருஷம் யாரும் தொடமாட்டார்கள். வருஷம் திரும்பும் நாளில் அதை இறக்கி, நிறைய ஊற்றி, அவருடைய துணை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகவேண்டும். அதுவரை, போனவர் போனதாகச் சேர்த்தியில்லை.

ஹெட்லியின் மனைவி வின்னிக்கு வருஷம் திரும்பியது, கடை மறுபடி திறந்த வியாழக்கிழமை.

வின்னி அந்த இடத்தின் வசீகரம் பற்றி வாய் திறந்ததே இல்லை. முப்பது வருஷமாக அவளுக்கு ஒரே புகார்தான்: பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ் விழவில்லை. ஒவ்வொரு தடவையும் ஹெட்லிதான் வெளியே காவல் நின்றார்.

கறுப்பு டை கட்டிக்கொண்டு மத்தியானமே போனார். டாமினோ கூட்டாளி கிளெம் முன்னாலேயே வந்திருந்தார்.

"வாய்யா, மியூசியத்துக்கு. இன்னும் டிக்கெட் போடல."

கொக்கிகளைக் காணோம். குவளைகள் கணப்புக்கு மேல் சுவரில், எந்த ஊர் வண்டியுடையதோ ஒரு சக்கரத்தைச் சுற்றி, மயில்தோகையாக விரிந்திருந்தன. கிளெம் நாற்காலிமேல் ஏறித் திருகாணியைக் கழற்றி வின்னியின் குவளையை இறக்கினார். அடியில், திருகாணிக்காகப் போட்ட துளை.

கடை நடத்தும் மேவிஸ் தலை நிமிரவில்லை. "நான் சொன்னேன் ஹெட்லி. அதெல்லாம் மனுசங்களோடதுன்னு சொன்னேன். 'அருமையான விஷயம்மா'ன்னு கம்பெனி ஆளு எழுதிக்கிட்டுப் போனான்." வேறு கிளாஸில் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

"இதுலயே ஊத்து," என்றார் ஹெட்லி.

துளையை விரலால் அடைத்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தார். பாதி உள்ளே போனது. தோள் குலுங்கியதில் விரல் நழுவி, மீதி பியர் சட்டைக் கைக்குள் ஓடி, புதுப் பழைய தரையில் சொட்டியது.

கிளெம்தான் மெதுவாக, "பாதி குடிச்சா செல்லாதுய்யா. அடுத்த வருஷம் வரைக்கும் அவ இங்கதான்," என்றார்.

ஹெட்லி தலையாட்டிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார். போன கால் பழக்கத்தில் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றுவிட்டது. முகம் தெரியாத ஒரு பெண் அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். ஹெட்லி நகரவில்லை.

கதவைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். தாழ் நன்றாக விழுந்தது.