கோசலை பரிமாறும் காட்சிகள்

அருணகிரி வெட்டிய காட்சிகள் எல்லாம் அவருடைய வீட்டில்தான் இருந்தன. வெட்டியவர் வீட்டுக்குத்தான் அவை வரும். வேறு எங்கே போகும்? சாலிகிராமத்தில் படத்தொகுப்புத் தொழிலில் இருக்கும் எல்லோர் வீட்டிலும் இரண்டு மூன்று காட்சிகள் தங்கியிருந்தன. அடுத்த தெருக்காரர் வீட்டில், பூட்டிய கதவை உதைக்கும் காட்சி ஒன்று இருந்தது. பாவம், அந்த மனிதர் தூங்கி வருஷக்கணக்காகிறது. அருணகிரிக்கு யோகம். அவர் வீட்டில் கோசலை இருந்தாள்.

கோசலை, ‘மாடிவீட்டு மார்த்தாண்டம்’ தொடரின் மூத்த மகள். ஒரு காலத்தில் ஊரையே சிரிக்க வைத்த நகைச்சுவைத் தொடர் அது. இப்போது மதியத்தில் மறுஒளிபரப்பு. அந்தக் காலத்தில் விளம்பரம் கொஞ்சம், இந்தக் காலத்தில் விளம்பரம்தான் எல்லாம். ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் கொஞ்சம் வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவது என்பதில் அருணகிரிக்குக் குழப்பமே கிடையாது. சாப்பிடும் காட்சியில் கதை நகராது. குடும்பம் சாப்பிட உட்கார்ந்ததும் வெட்டுவார், கை கழுவி எழுந்ததும் ஒட்டுவார். பார்க்கிறவர்கள் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

கோசலைக்குத் தொடரில் ஒரே வேலைதான், பரிமாறுவது. ஆகவே அவள் முழுசாக வந்து சேர்ந்தாள், கையில் கரண்டியோடு.

“சாப்பிட வாங்க” என்றாள் முதல் நாள். அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த வசனம் அதுதான். மற்றதெல்லாம் அவளே பிறகு பழகிக்கொண்டது.

அருணகிரி தனிக்கட்டை. மெஸ் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போனவர். போய் உட்கார்ந்தார். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். அன்றிலிருந்து அவருக்கு உடம்பு பூசினாற்போல ஆயிற்று. ஆளைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் போல இருப்பார். வத்தக்குழம்பு வைத்துப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கவளத்திலும் அது இருந்தது. கவளம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய ஒளிபரப்பு முடிந்த கையோடு, மார்த்தாண்டமும் அவர் மனைவி தனபாக்கியமும் கதவைத் தட்டினார்கள். இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட மீசைக்காரர் ஒருவர், சலவைத்தூள் பாக்கெட்டைக் கன்னத்தருகே பிடித்தபடி நின்றார். அருணகிரிக்கு அவரை நன்றாகத் தெரியும். வெட்டிய இடத்தில் ஒட்டிய விளம்பரத்தில் வருகிறவர்.

“உக்காருங்க” என்றார் அருணகிரி. சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை அப்படிக் கேட்காமல் விடுவது அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் கேட்டால் உள்ளே கரண்டி சத்தம் போடுமே.

“இவதான் எங்க மூத்த பொண்ணு” என்று மார்த்தாண்டம் மீசைக்காரரைக் காட்டினார். சுவரிலிருந்து பலர் சேர்ந்து சிரிக்கும் ஒலி வந்தது. தொடரில் அவர் என்ன சொன்னாலும் வரும் அதே சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். “நாங்க சாப்பிட உக்காந்தா கரெக்டா வந்துருவா. ஆனா சோறு போட மாட்டேங்கிறா சார். கறையைப் பத்தியே பேசுறா. பேசி முடிச்சுப் பாத்தா நாங்க கை கழுவிட்டு நிக்கிறோம்.”

சுவர் விழுந்து விழுந்து சிரித்தது.

“காலர் கறையா? கவலை வேண்டாம்” என்றார் மீசைக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

“பாத்தீங்களா?” என்றாள் தனபாக்கியம். “பசி கெடக்கட்டும் சார். பெத்தவ இப்பிடிக் கேக்குறது பாவம்னு தெரியும். ஆனா இது என் பொண்ணுதானான்னு எனக்கு ஒரு சந்தேகம். இவளுக்கு மீசை எப்ப வந்துச்சுன்னே ஞாபகம் இல்ல. நீங்கதானே எல்லாத்தையும் முழுசா பாத்தவரு. எங்க வீட்ல வேற யாராச்சும் இருந்தாளா?”

சமையலறைக் கதவு ஒருக்களித்தது. இடுக்கில் கோசலை நின்றாள். வெட்டியவர் வாயால் பெயரைச் சொன்னால்தான் காட்சியிலிருப்பவர் வெளியே வர முடியும், மற்றவர் கண்ணுக்கும் தெரிவார். இது ஊருக்கே தெரிந்த விதி.

“ஒரு நிமிஷம்” என்று அருணகிரி எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார். கூடம் நீண்டுகொண்டே போனது. பாதிக்கு மேல் முடியாமல் ஆட்டோ பிடித்தார்.

“மேல போட்டுக் குடுங்க சார்” என்றார் ஆட்டோக்காரர். “சமையக்கட்டுலேந்து ரிட்டன் சவாரி கெடைக்காது.”

கோசலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா ரொம்ப இளைச்சுட்டாங்க.”

“ம்.”

“கோசலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். போதும்.”

“சொல்றேன்மா.”

“சாதம் வடிச்சிட்டேன். அந்த மீசைக்காரருக்கும் சேத்துத்தான்.”

அவர் உண்மையாகவே சொல்லிவிடத்தான் நினைத்தார். அந்தளவுக்கு நாம் அவரை நம்பலாம். ஆனால் திரும்பும்போது கூடம் ஒரே எட்டுதான் இருந்தது. மனசைத் தயார் செய்துகொள்ள இடமில்லை. போதாததற்கு அடுப்பிலிருந்து மோர்க்குழம்பு தாளித்த வாசனை பின்னாலேயே வந்தது. பெயரைச் சொன்னால் நாளையிலிருந்து இந்த வாசனை இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

“இவங்கதான்” என்றார், மீசைக்காரரைக் காட்டி. “முதல் பகுதியிலேந்து இவங்கதான். வேற யாரும் இல்ல.”

சுவர் சிரிக்கவில்லை.

தனபாக்கியம் எழுந்து மீசைக்காரரின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். “என் தங்கமே! உன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டனே, நான் ஒரு பைத்தியக்காரி” என்று அழுதாள். மீசைக்காரர் அருணகிரியைப் பார்த்தார். அவர் கண்ணிலும் நீர் நிறைந்திருந்தது. அவருக்கும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தது இல்லையே, என்ன செய்வார்?

“கவலை வேண்டாம்” என்றார் அவளிடம்.

மூவரும் கைகோத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். அருணகிரி வெகுநேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே போகக் கால் கூசியது. பிறகு போனார்.

கோசலை, மூன்று தட்டுகளில் போட்டு வைத்திருந்த சோற்றை ஒவ்வொன்றாகப் பானையில் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நான்காவது தட்டை நகர்த்தி வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. குழம்பை ஊற்றினாள்.

“போதுமா சார்?”

அருணகிரிக்கு அவமானமாக இருந்தது. கண்ணை அவள் பக்கம் திருப்ப முடியவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.”