நொண்டி ஓடிய உப்புக்கொத்தி

“மாமா, அது பறவை இல்ல. பிளாஸ்டிக் கவர்.”

“நீ சும்மா இரு. வெள்ளை நாரை. அசையுது பாரு.”

அசைந்ததுதான். காற்றடித்தால் கவர் அசையாமல் என்ன செய்யும்? சின்னவளின் அக்கா கணவர் ஈர மணலில் குப்புறப் படுத்து, முழங்கை நீளக் கேமரா லென்ஸை அதன் மேல் குறிவைத்துச் சுட்டுத் தள்ளினார். கவர் உருண்டு போய் ஒரு பழைய செருப்பின் மேல் படிந்தது.

“பறந்துருச்சு” என்றார், சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து.

சின்னவள் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் டைரக்டர். டைல்ஸ் கடை வைத்திருக்கிற மனுஷன். விடுமுறைக்குக் கடற்கரை என்று முடிவானதும், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த பச்சைச் சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு பாக்கெட்டிலும் ஒன்றுமில்லை. “தலையத் தூக்கு, இந்தப் பக்கம் திரும்பு” என்று கொக்குகளையே அதட்டுவார். கொக்குகள் முதுகைக் காட்டிக்கொண்டு போயின. மகள் தும்மினால் முறைப்பார். லென்ஸ் மூடியைப் பத்திரமாக வைத்திருப்பது அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் வேலை. காலையிலிருந்து அதை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டே நடந்தது, விரல் நுனி வெளுக்க.

அவரைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். சின்னவளுக்குத் தாங்க முடியாதது அக்காதான். எப்போது பார்த்தாலும் ஏதாவதொரு நோவு. காரில் பிள்ளை வாந்தியெடுத்தால் இவளுக்குத் தலை சுற்றும். நேற்று ஓட்டலில் பிள்ளை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. உடனே இவளுக்கு மூச்சடைப்பு. அவர் கோபம் மொத்தத்தையும் இவள் பக்கம் திரும்பிக் கொட்ட, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்காகக்கூட ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை. தன் நோவுதான் பெரிசு. “உன் மூத்த மகளுக்கு மேடை ஒண்ணுதான் பாக்கி” என்று சின்னவள் அம்மாவிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கழிமுகத்தை ஒட்டிக் கிளிஞ்சல் சிதறிக் கிடந்த மேட்டில் ஏறியபோதுதான் அந்தக் குருவி அளவு பறவை காலடியிலிருந்து ஓடியது. உப்புக்கொத்தி. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, விழுந்து எழுந்து ஓடியது.

“அடிபட்டுருச்சு! யாரும் அசையாதீங்க!”

டைரக்டர் பதுங்கிப் பதுங்கிப் பின்னாலேயே போனார். நெருங்கினால் அது இன்னும் நாலடி நொண்டியது. நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது.

“சித்தி, முட்டை” என்றது பிள்ளை கிசுகிசுப்பாக.

கிளிஞ்சல்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி. மணல் நிறத்தில், கரும்புள்ளி போட்ட மூன்று முட்டைகள். அவர் இன்னும் ஓரடி வைத்திருந்தால் கூழ்தான். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ‘சொதக்’ என்று சத்தம். சேற்றில் முழங்கால்வரை டைரக்டர். பறவை இரண்டு சிறகையும் ஜோராக விரித்துப் பறந்துபோனது. சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“நன்றிகெட்ட சனியன்! காப்பாத்தப் போனவன இப்படிப் பண்ணிட்டுப் போகுது” என்று சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். யார் மேலாவது துடைத்தாக வேண்டும். “மூடி எங்க?”

பிள்ளை கையை விரித்தது. காலி.

“எங்கடீ?” கை ஓங்கியது. ஓரெட்டு வைத்தார். பிள்ளைக்குப் பின்னால்தான் அந்தக் குழி.

“அய்யோ!”

மேட்டுக்குக் கீழே, கல்லோ குழியோ இல்லாத சமமணலில், அக்கா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “கால் பெசகிடுச்சுங்க…”

ஓங்கிய கை அப்படியே திரும்பியது. “கண்ண எங்கடீ வெச்சுட்டு நடக்குற? உன்னக் கூட்டிட்டு வந்ததே தப்பு!”

அக்கா எழுந்து, வலது காலை இழுத்தபடி கார் நின்ற பக்கம் நடந்தாள். அவர் திட்டிக்கொண்டே பின்னால் போனார். அவர் நெருங்க நெருங்க அவள் இன்னும் நாலடி போனாள். பாதி தூரத்தில் ஒரு தரம் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு நொண்டியது இடது கால்.

கவரை நாரை என்ற கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது? இத்தனை வருஷம் கூடவே வளர்ந்த கண்ணுக்கே தெரியவில்லையே.

சின்னவள் பிள்ளையை மெல்ல இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் உப்புக்கொத்தி இரண்டு காலாலும் குடுகுடுவென்று ஓடி வந்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது. பக்கத்திலேயே கறுப்பாகக் கிடந்தது, லென்ஸ் மூடி. இருவருமே அதை எடுக்கப் போகவில்லை.

“சித்தி, அம்மாவுக்கு நெஜமாவே அடிபட்டுருச்சா?”

தூரத்தில் அக்கா இன்னும் நொண்டிக்கொண்டிருந்தாள், பச்சைச் சட்டை பின்தொடர. ‘எல்லாம் நடிப்பு’ என்று எப்போதும் முந்திக்கொண்டு வரும் பதில் சின்னவளுக்கு நாக்கு நுனியில் நின்றுவிட்டது. பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லலாம்?