முதல் பக்கத்துக்கே திரும்பும் கதவு

புருஷன் வேண்டாமென்று முடிவுசெய்து, கண்ணாடிக் கடைக்காரி பெட்டியோடு வாசற்கதவைத் தாண்டியபோது, நேராகத் தன் வீட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றாள். அவள் அணைக்க மறந்த அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு மறுபடி போனாள், மறுபடியும் சமையலறை; பின்கதவிலும் அதே கதை. வெறுங்கையோடு கடைக்குப் போய்வர எந்தக் கதவும் குறுக்கே நிற்கவில்லை. பெட்டியைக் கண்டால்தான் தன் குணத்தைக் காட்டியது.

காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. குழாய்களில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். அதன் இணையக் கையேட்டில், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளைப் பார்த்துக்கொள்வது அவள்; சமன்பாடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் புருஷன், குழாய் வேலைக்காரன். இருவரும் பழகியதே அந்தக் கையேட்டில் ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை போட்டுத்தான். அந்த வாரம் கையேட்டைப் புதுத் தளத்துக்கு மாற்றியவர்கள் அவசரத்தில் சொதப்பியிருந்தார்கள். எந்த இணைப்பைத் தொட்டாலும் முதல் பக்கமே வந்தது; வீட்டுக் கதவுகளும் அதையே பழகிக்கொண்டன. சமன்பாடுகளில் வகுத்தல் கோடுகள் உதிர்ந்துபோயிருந்தன. ஆகவே அந்த வீட்டில் எதையும் இரண்டாக்க முடியவில்லை. ரொட்டியை வெட்டினால் கத்தி போன வழியிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் துணிகளை மட்டும் அடுக்கிய பெட்டியைத் திறந்தால் அவன் பனியன்கள் பல்லிளித்தன. சமாதானம் பேச வந்த நாத்தனாரும் பெட்டியோடு வந்து தொலைத்ததால், திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே சாப்பிட்டுத் தூங்கினாள்.

பிரிவுக்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பேச்சு நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். ஒரே மேசையில் ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தார்கள். சண்டை என்றால் அவள் பொறுத்திருப்பாள்; இந்த மௌனம் அவளுக்குத் தாங்கவில்லை.

கையேட்டைத் திருத்திவிட்டால் போய்விடலாம். ஆனால் தன் திருத்தத்தைத் தானே ஏற்கக்கூடாது, இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். தளத்தை மாற்றிய கையோடு மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். எஞ்சியது இந்த இருவர்தான்.

"நீ ஒத்துக்கிட்டாத்தான் நான் கெளம்ப முடியும். சீக்கிரம் பாரு," என்றாள் அவள்.

"சரியா இருந்தா ஒத்துக்க மாட்டேனா? மூணாவது பக்கத்து லிங்க் வேற எங்கயோ போகுது."

"நீ மட்டும் என்ன ஒழுங்கு? அடைப்புக்குறியத் தெறந்தா மூட மாட்டியா? குழாய மட்டும் மூடத் தெரியுதுல்ல?"

நாத்தனார் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். சண்டை சூடு பிடித்தது, நாட்கள் ஓடின. ஒரே மூச்சில் பத்துப் பக்கம் பார்க்கக்கூடியவன் ஒவ்வொரு பக்கமாக நொண்டுவதை அவள் கவனித்தாள். அவளும், சரியாக இருந்த வகுத்தல் கோட்டை இன்னும் கொஞ்சம் நீளமாகப் போடச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். மழைக்காலம் வந்து போனது. மேசையில் ஒரே திரைதான் இருந்தது.

கடைசி வகுத்தல் கோடு ஏறிய காலையில் ரொட்டி இரண்டாக விழுந்தது. முன்கதவு தெருவுக்குத் திறந்தது; நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள். பாக்கி ஒரே ஓர் இணைப்பு: மென்பொருளைக் கணினியிலிருந்து அடியோடு நீக்குவது எப்படி என்ற பக்கத்துக்குப் போவது. அவள் திருத்தி அனுப்பியிருந்தாள். அதன் கீழே அவன் எழுதியிருந்தான்: 'இது மட்டும் இப்படியே இருக்கட்டுமே.' எழுதிவிட்டு, ஒழுகாத குழாயொன்றை முதுகைக் காட்டிக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

அந்த மென்பொருளை நீக்க நினைப்பவர்கள் முதல் பக்கத்துக்கே வந்து சேர்வதாக இன்றுவரை புகார் எழுதுகிறார்கள். அந்த வீட்டிலும் பின்கதவு மட்டும் சமையலறைக்கே திறக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் அதை இப்போது ஒரு விஷயமாகப் பேசுவதில்லை. சண்டை முற்றும் நாளில் கண்ணாடிக் கடைக்காரி பெட்டியைத் தூக்குவாள். முன்கதவு ஒழுங்காகத் தெருவுக்குத்தான் போகிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பின்கதவு வழியாகத்தான் போவாள்.